உலு திராம் வீட்டு வைஃபை

இல்லக்கா, லைன்காரனத் திட்டி என்ன பிரயோசனம்? உங்க மகன் போன்ல வைஃபை ஏறுதா? ஏறுதுல்ல? அப்புறம் லைன் எப்படிக் கெட்டுருக்கும்? கோளாறு கம்ப்யூட்டருக்குள்ள லா. டிரைவர் போயிருக்கும்.

ஐயோ, இந்தப் பஸ் ஓட்டுற டிரைவர் இல்லக்கா! கம்ப்யூட்டருக்குள்ள வைஃபை பிடிக்க ஒரு சின்ன கார்டு இருக்கும். அத வேல செய்ய வைக்கிற புரோகிராமுக்குப் பேருதான் டிரைவர். அப்டேட் வருதுல்ல, அது பாட்டுக்குப் பழசத் தூக்கிட்டுப் புதுசப் போட்டுரும். சில நேரம் புதுசுக்கும் கார்டுக்கும் ஒத்துவராது. முடிஞ்சிச்சு கத.

நானா? நான் எங்கக்கா கம்ப்யூட்டர் படிச்சேன்! பாசிர் கூடாங்ல பிளாஸ்டிக் பேக்டரி, மெஷின் ஓட்டுறேன். இதெல்லாம் ஷாமளான்னு ஒருத்தவங்களால கத்துக்கிட்டது. உலு திராம்ல இருக்காங்க. வீட்டுலேருந்தே ஆன்லைன்ல பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுக்குறாங்க.

போன வருஷம் திடீர்னு போன் பண்ணாங்க. சாயந்தரம் கிளாஸ் இருக்கு, வைஃபை படமே காணோம், கடைக்காரன் கம்ப்யூட்டர வச்சிட்டுப் போங்கறான், உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமான்னு. எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. தெரியும்னுட்டேன். வாயப் பாருங்க!

போயி அங்க தட்டி இங்க தட்டி, வைஃபையும் வரல, நல்லா இருந்த புளூடூத் மௌஸும் செத்துப்போச்சு. அலமாக்! எனக்கு வேர்த்து ஊத்துது. பின்னால நின்னு பாத்துக்கிட்டே இருந்தவங்க, வயித்தப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சாங்க பாருங்க. அந்தச் சிரிப்பக் கேட்டு எனக்கு எவ்ளோ காலமாச்சு! அன்னைக்கு போன வச்சே கிளாஸ ஓட்டிட்டாங்க. நான் ரூமுக்கு வந்து யூடியூப்பே கதின்னு கெடந்தேன். மறுநாள் போயி சரி பண்ணிட்டேன்ல!

மகன்கிட்ட சொல்லணுமா? சொல்றேன், கேட்டுக்குங்க. ஸ்டார்ட் பட்டன்ல ரைட் கிளிக் பண்ணா டிவைஸ் மேனேஜர்னு வரும். அதுக்குள்ள நெட்வொர்க் அடாப்டர். வைஃபை பேரு பக்கத்துல மஞ்சளா ஆச்சரியக்குறி நிக்குதான்னு பாக்கச் சொல்லுங்க. அதத் தெறந்து, டிரைவர்ங்கிற பக்கத்துல ரோல் பேக் அமுக்குனா பழைய டிரைவரே வந்துரும். அமுக்க விடலையா, கம்ப்யூட்டர் செஞ்ச கம்பெனி வெப்சைட்டுல சரியான டிரைவர எறக்கிப் போடணும்.

நெட்டே இல்லாம எப்படி எறக்குறதா? நல்லாக் கேட்டீங்க! நானும் அங்கதான் முழிச்சேன். போன கேபிள் போட்டு கம்ப்யூட்டர்ல மாட்டி, போன்ல யூஎஸ்பி டெதரிங்க தட்டுனா போதும். போன் நெட்டு அப்படியே உள்ள போயிரும்.

ஆமாக்கா, ஒரு தடவையோட முடியல. அப்டேட் வந்தா வைஃபை போயிரும், எனக்கு போன் வந்துரும். மொதல்ல எல்லாம் வாசக்கதவத் தெறந்தே வச்சிருப்பாங்க. ஒரு கோப்பி ஓ, பாலில்லாத வரக்காப்பி, அவ்ளோதான். அப்புறம் ஒரு நாள், சாப்டீங்களான்னு கேட்டாங்க. அதுக்கடுத்த தடவ நெத்திலி சம்பல், வெங்காயம் நெறைய போட்டு, எனக்குப் புடிச்ச மாதிரி. அப்டேட் அனுப்புற புண்ணியவான் நல்லா இருக்கணும்னு கும்பிட்டுக்கிட்டேன்.

போன மாசம் கிளாஸ் பாதியில வைஃபை போயிருச்சு. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைங்க. நான் போறப்ப கண்ணெல்லாம் செவந்து உக்காந்திருக்காங்க. எனக்கு மனசு கேக்கல. இனிமே அப்டேட் அந்த டிரைவரத் தொடாத மாதிரி செட்டிங் போட்டுட்டேன். போடாம இருந்திருக்கலாம்தான். ஆனா பாவம்ல? அதோட விடாம, அவங்களையே உக்கார வச்சு, அவங்க கையாலயே எல்லாத்தையும் செய்ய வச்சேன். கெட்டிக்காரங்க, டக்குனு புடிச்சுக்கிட்டாங்க. வெளிய வந்து செருப்பு மாட்டும்போதுதான் ஒறைச்சிச்சு. இனிமே என்ன எதுக்குக் கூப்பிடப் போறாங்க?

கூப்பிடலதான். வேலையில மெஷின் அதிர்ந்தாக்கூட, போன்தான் அடிக்குதுன்னு பாக்கெட்டத் தொட்டுத் தொட்டுப் பாப்பேன். கூட வேல செய்றவனுங்க கிண்டல் பண்ணாத நாளில்ல.

இன்னைக்குக் காலையில அடிச்சிச்சுக்கா. எடுத்த எடுப்புல, மறுபடி போயிருச்சா, மஞ்சக் குறி தெரியுதான்னேன். இல்ல, கம்ப்யூட்டர் நல்லா ஓடுதுன்னாங்க. அப்ப என்ன விஷயம்னேன். அதுக்குச் சொல்றா, ஏன், கம்ப்யூட்டர் கெட்டாத்தான் வருவீங்களா? சாப்பாட்டுக்கு வாங்கன்னு.

யாரா? என் பொண்டாட்டிதான்க்கா. நாங்க கோர்ட்ல பிரிஞ்சு மூணு வருஷமாச்சு.

சிரிக்காதீங்கக்கா. அடுத்த ஸ்டாப்புதான் அவ வீடு. அந்த பெல்லக் கொஞ்சம் அமுக்கி விடுங்க, நான் தலையச் சீவிக்கிறேன்.