அறையின் சூடு மாறக் கூடாது

உங்கள் எழுத்தர் நல்ல மனிதர். காலையில் எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தவர், குரலைத் தணித்துக்கொண்டு, மகன் கிராபிக்ஸ் கார்டு கேட்டு உயிரை எடுக்கிறான் என்றார். இப்போது வந்திருக்கும் புதுக் கார்டை வாங்கலாமா, போன தலைமுறையில் போட்டிக் கம்பெனி விட்ட கார்டை வாங்கலாமா என்று கேட்டார். இந்த விசாரணை அறையில் வைத்து என்னிடம் அதைக் கேட்க அவருக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. பழையதை வாங்குங்கள் என்றேன். ஏன் என்றும் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன் ஐயா. அது புரியாமல் மற்றது புரியாது.

விளையாட்டில் திரையில் ஓடுவது ஒரே படம் இல்லை. கார்டு ஒரு நொடிக்குள் பல பத்துப் படங்களை வரைந்து தள்ளுகிறது. ஒவ்வொன்றும் ஒரு பிரேம். எவ்வளவு அதிகம் வரைகிறதோ அவ்வளவு வழுக்கிக்கொண்டு ஓடும். புதுக் கார்டில் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். நிஜமாக வரைந்த இரண்டு பிரேம்களுக்கு நடுவே, இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்து ஒன்றைச் செருகிவிடுகிறது. எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆனால் செருகிய பிரேமில் உங்கள் விரல் இல்லை. நீங்கள் சுட்டது அதற்குத் தெரியாது. அந்தத் தந்திரத்தை அணைத்துவிட்டு, ஒரே கணினி, ஒரே விளையாட்டு, ஒரே அறைச்சூடு என்று வைத்து ஓட்டிப் பாருங்கள். பழையது முந்தும். கொஞ்சம்தான். ஆனாலும் முந்தும்.

இதைக் கண்டுபிடித்தது நான். என் தம்பி மைதம் இல்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

நான் மின்னணுவியல் படித்தவள். மைதம் கல்லூரியை இரண்டாம் வருடத்தோடு விட்டவன். ஆனால் அவனுக்கு வாய் இருந்தது. சமூன் ரொட்டி வாங்கப் போனால் வரிசையில் நிற்கும் அத்தனை பேரையும் சிரிக்க வைத்துவிட்டுத்தான் திரும்புவான். அப்பா போன பிறகு கர்ராதாவில் எங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில் வீடியோ சானல் தொடங்கினோம். ஸினாஆ தெருக் கணினிக் கடைகளுக்கு என்ன புதுச் சரக்கு வந்தாலும் முதலில் எங்கள் மேசைக்கு வரும். நான் ஓட்டிப் பார்ப்பேன், அளப்பேன், அவன் பேச வேண்டியதை எழுதிக் கொடுப்பேன். அவன் பேசுவான். கார்டைக் கழற்றும்போது மட்டும் கறுப்புக் கையுறை போட்ட என் கைகள் திரையில் தெரியும்.

அந்தக் கைகள் யாருடையவை என்று பார்வையாளர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நம்ம பையன் அப்பூத் என்று ஒருநாள் விளையாட்டாகச் சொல்லிவிட்டான். அதிலிருந்து நாடு முழுக்க அப்பூதுக்கு சலாம் வந்தது. அப்பூத், உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா என்றுகூட ஒருத்தி கேட்டிருந்தாள். மைதம் அதை எனக்கு வாசித்துக் காட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அதுதான் காரணம் என்று உங்கள் அதிகாரி அறிக்கையில் எழுதியிருக்கிறார். அது காரணம் இல்லை.

காரணம் அபூ ராஃபித். ஸினாஆ தெருவிலேயே பெரிய இறக்குமதிக்காரர் அவர். புதுக் கார்டை பெட்டி பெட்டியாக இறக்கிவிட்டார். கடைகளிலோ பழைய போட்டிக் கார்டு இன்னும் மலிவாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒப்பிட்டு எங்கள் சானல் என்ன சொல்கிறதோ அதுதான் அந்தக் கோடையில் செல்லுபடியாகும். அவர் நேராக வீட்டுக்கே வந்தார். தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே, தெருமுனையில் தன் கட்டடத்தில் கண்ணாடி வைத்த ஒரு ஸ்டூடியோவை மைதமுக்குத் தருவதாகச் சொன்னார். பொய் சொல்லுங்கள் என்று அவர் வாயைத் திறந்து கேட்கவே இல்லை.

“கண்ணு, நான் ஒண்ணும் தப்பாச் சொல்லச் சொல்லல. அந்த வசதியப் போட்டே ஓட்டிக் காமி. கம்பெனிக்காரன் குடுத்த வசதிதானே? அத ஏன் அணைக்கணும்?”

மைதம் என் முகத்தைப் பார்த்தான். நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அவர் போன பிறகு நான் சொன்னேன். ஊகித்துச் செருகியதையும் நிஜமாக வரைந்ததையும் ஒரே எண்ணாகக் காட்டினால் அது ஒப்பீடு இல்லை, ஏமாற்று. ஒரு வருடம் சேர்த்து வைத்து ஒரு கார்டு வாங்குகிறவன் நம் பேச்சை நம்பித்தான் வாங்குகிறான். மைதம் மறுக்கவில்லை. அவன் என்னிடம் எதையும் மறுத்ததே இல்லை. ஆனால் ஸ்டூடியோ ஆசை அவன் கண்ணில் அப்படியே நின்றது.

“ஒரே ஒரு வீடியோக்கா. அப்புறம் நம்ம இஷ்டம். அங்க போயிட்டா அரசு கரண்டு, ஏசி, எல்லாம் நாள் பூரா நிக்காம இருக்கும். உனக்கும் இந்த மாடிப்படி ஏறி எறங்குற தொல்லை இல்ல.”

“எனக்கு எப்படித் தொல்லை இல்லாம போகும்?”

“நீ அங்க வந்து உக்கார முடியாதுல்லக்கா. தெரு பூரா ஆம்பளைங்க, கண்ணாடி வேற. ஒருத்தனப் பேசி வெச்சிருக்கேன். கழட்டி மாட்டுறதெல்லாம் அவன் பாத்துக்குவான். நீ வீட்ல நிம்மதியா இரு.”

இதையும் காரணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும் என்பதால் சொல்கிறேன். எனக்கு முக்கியம் அந்த எண்.

நான் ஒரு வழி சொன்னேன். ஒருமுறை, ஒரே ஒருமுறை, நீயே உன் கையால் இரண்டு கார்டையும் கேமரா முன்னால் ஓட்டு. விசிறிச் சத்தம், சூடு, பிரேம், எல்லாவற்றையும் நீயே அள. அதற்குப் பிறகும் மனசு வந்தால் உனக்குப் பிடித்ததைச் சொல்லிக்கொள், நான் குறுக்கே வரமாட்டேன் என்றேன். அவனுக்கு ஒரே சந்தோஷம். என் தலையில் முத்தம் வைத்துவிட்டுப் போனான்.

நான் நாள் குறிக்கவில்லை. புழுதிதான் குறித்தது. அந்தப் புழுதி உங்களுக்கும் நினைவிருக்கும். பட்டப்பகலில் வானம் ஆரஞ்சு நிறமாகி, எதிர் வீடு தெரியாமல் போனதே, அந்த நாள். அம்மா ஆற்றுக்கு அந்தப் பக்கம் காழிமிய்யாவில் சித்தி வீட்டில் மாட்டிக்கொண்டாள். அரசு மின்சாரம் போய்விட்டது. தெரு ஜெனரேட்டர்காரன் தருவது இரண்டு விளக்குக்கும் ஒரு மின்விசிறிக்கும்தான் காணும். சோதனை மேசைக்கு எங்கள் சொந்தப் பெட்ரோல் ஜெனரேட்டர்தான். அது எப்போதும் மொட்டைமாடியின் கடைசி மூலையில், வெட்டவெளியில் நிற்கும். அன்று நான் அதைப் படிக்கட்டு உச்சியில் கூரை போட்ட சின்ன இடத்துக்குள், சோதனை அறையின் வாசலுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்தேன். புழுதி உள்ளே போனால் எஞ்சின் அடைத்துக்கொள்ளும். பக்கத்து வீடுகளில் கேட்டுப் பாருங்கள், புழுதி நாளில் பலரும் அப்படிச் செய்கிறார்கள். ஃபாத்திஹா ஓதும் துக்கக் கூட்டத்தில் உட்கார்ந்து அவர்களே ஆளுக்கு ஆள் அதைத்தான் சொன்னார்கள்.

மாடிக்குப் போகும் கதவைப் புழுதிக்காகச் சாத்தினேன். கீழே வீட்டுக்குள் வரும் கதவையும் சாத்தினேன். சோதனை அறைக் கதவின் அடியில் இடைவெளி உண்டு. ஏசி குளிர்ச்சி வெளியே போகாமலிருக்க அங்கே ஒரு துண்டைச் சுருட்டி வைப்போம். அந்தத் துண்டை அன்று துவைக்கப் போட்டிருந்தேன்.

பிறகு சமையலறையில் உட்கார்ந்து டோல்மாவுக்குத் திராட்சை இலையில் அரிசி வைத்துச் சுருட்டினேன். அவனுக்குப் பிடிக்கும் என்பதால் இல்லை. இலை வாங்கி வைத்திருந்தேன், வாடிவிடும்.

சானல் தொடங்கிய நாளிலிருந்து ஒரு விதி உண்டு. சோதனை ஓடும்போது யாரும் கதவைத் திறக்கக் கூடாது. அறையின் சூடு மாறினால் கார்டின் வேகம் மாறும், எண் மாறும், ஒப்பீடு கெடும். ஆரம்பத்தில் மைதம் அதைக் கேலி செய்தான். பிறகு என்னைவிட அவன்தான் அதில் கறாராக இருந்தான். அம்மா பழத்தட்டோடு மேலே போனால்கூட வாசலிலேயே நிற்க வைத்துவிடுவான்.

இலை பாதி சுருட்டியிருப்பேன், போன் வந்தது.

“அக்கா, தலை ரொம்ப பாரமா இருக்கு. கொமட்டுது. கதவக் கொஞ்சம் தொறந்துக்கவா?”

“எந்தக் கார்டு ஓடுது?”

“புதுசு. கடைசி ஓட்டம்.”

“அத முடிச்சிடு. இப்பத் தொறந்தா அறைச் சூடு மாறிடும், எல்லாத்தையும் மொதல்லேர்ந்து செய்யணும்.”

நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

“சரிக்கா,” என்றான்.

அவ்வளவுதான் பேச்சு. நான் அவனை மிரட்டவில்லை. கதவைப் பூட்டவில்லை. தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருந்தது, அதை நீங்களே வந்து பார்த்தீர்கள். ஒரு வளர்ந்த மனிதன் தன் கையால் திறந்துகொண்டு வெளியே வந்திருக்கலாம்.

பானையை அடுப்பில் ஏற்றி, இலை வெந்த பிறகு மேலே போனேன். ஜெனரேட்டரை நிறுத்தினேன். மாடிக் கதவைத் திறந்து காற்று வரும்வரை நின்றேன். அறைக்குள் போய்க் கேமராவை அணைத்தேன். அதற்குப் பிறகுதான் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டேன்.

அந்த ஜெனரேட்டர் புகை ஆளைக் கொல்லும் என்று எனக்குத் தெரியாது என முதல் நாள் சொன்னேன். அது உண்மை இல்லை. போன குளிர்காலத்தில் எங்கள் தெருவிலேயே ஒரு கணவனும் மனைவியும் அப்படித்தான் தூக்கத்தில் போனார்கள். அவர்கள் வீட்டுத் துக்கத்தில் பெண்கள் பக்கம் காபி பரிமாறியது நான்தான். அது எப்படி நடக்கிறது, முதலில் தலை வலிக்கும், பிறகு குமட்டும் என்று அங்கே எல்லாரும் பேசினார்கள். நான் கேட்டுக்கொண்டேன். எனக்கு ஞாபகசக்தி உண்டு. போனில் அவன் தலை பாரம் என்று சொன்னபோது அது என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தது. எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்துதான் சொன்னேன்.

அம்மா துக்கத்தின் மூன்று நாளும் புழுதியைத் திட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அபூ ராஃபித் வந்தார், நிஜமாகவே அழுதார். மறுவாரம் திரும்ப வந்து, மெல்ல, ஒரு மாதிரி தரையைப் பார்த்தபடி கேட்டார்.

“அம்மாடி, அந்த வீடியோ முடிஞ்சிருச்சா? புள்ளையோட கடைசி வேலை, அது வெளிய வரட்டுமே. ஸ்டூடியோ சாவி என்கிட்டதான் இருக்கு. நீ வந்து நடத்துறதா இருந்தாலும் எனக்குச் சம்மதம்.”

நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க நிறைய இல்லை.

வீடியோவைப் போட்டேன். கறுப்பு உடையில் கேமரா முன்னால் உட்கார்ந்து, என் பெயர் ரஃபல், இத்தனை வருடம் நீங்கள் பார்த்த கைகள் என்னுடையவை என்று கையுறையைக் கழற்றிக் காட்டினேன். தம்பி ஓட்டிய சோதனைக் காட்சிகளை நடுவில் சேர்த்தேன். சானலில் எந்த வீடியோவுக்கும் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. மன்னித்துவிடு சகோதரி, உன்னை அப்பூத் என்று நினைத்துவிட்டோம் என்று எழுதினார்கள். சிலர் அழுததாக எழுதினார்கள். மோஸுலில் இருந்து ஒரு பொடியன் மட்டும் வேறு மாதிரி எழுதினான். மேசைமேல் இருக்கும் சத்தம் அளக்கும் கருவியைப் பாருங்கள், விசிறி இவ்வளவு சத்தம் போடாது, கதவுக்கு வெளியிலேயே ஜெனரேட்டர் ஓடுகிறது என்றான். நல்ல கண். அவன் எழுதியதைப் பார்த்துத்தான் உங்கள் ஆட்கள் என் கணினியை எடுத்துப் போனார்கள். அதில் வெட்டாத பதிவு முழுதும் இருந்தது, போன் பேச்சு உட்பட.

அதனால் நேற்று நீங்கள் என்னை இரண்டு கேள்வி கேட்டீர்கள். முதல் கேள்வி, அந்த வீடியோவில் எந்தக் கார்டு ஜெயித்ததாகச் சொன்னாய் என்பது. புதுக் கார்டு என்று சொன்னேன். ஊகப் பிரேம்களையும் சேர்த்துச் சொன்னேன். துக்க வீட்டுக்கு வந்தவர்களிடம் உட்கார்ந்து கணக்குப் பாடம் நடத்த முடியாது. அதை அடுத்த வீடியோவில் திருத்திக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

இரண்டாவது கேள்விக்கு நேற்று நான் பதில் சொல்லவில்லை. பதிவின் கடைசியில், போனை வைத்த பிறகு, மைதம் கேமராவைப் பார்த்துப் பேசுகிறான். நாக்கு குழறுகிறது. ஆனாலும் தெளிவாகத்தான் சொல்கிறான்: “அக்கா சொன்னதுதான் சரி. பழசுதான் ஜெயிக்குது, நான் மாத்திச் சொல்லமாட்டேன். இத்தன நாளும் எல்லாம் கண்டுபிடிச்சது எங்கக்கா ரஃபல்தான்.” இதை நீங்கள் எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். நான் முன்பே பார்த்திருந்தேன். அடக்கம் முடிந்த அன்றே பார்த்தேன்.

உன் பெயரைச் சொல்லியிருக்கிறான், நீ கேட்ட உண்மையையும் சொல்லியிருக்கிறான், பிறகு ஏன் அந்த இடத்தையும் வெட்டினாய் என்று கேட்டீர்கள். ஐயா, இத்தனை சொன்ன பிறகுமா புரியவில்லை? அதையும் அவனே சொல்லிவிட்டால், அப்புறம் நான் சொல்ல என்ன இருக்கிறது?