சுனையில் கலந்த கொசு மருந்து

முழங்கால் வலியோடு மலையேறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் அன்று ஏறினேன். முக்கியமான வேலையைப் பிறர் கையில் விட்டு எனக்குப் பழக்கமில்லை.

தல்லாகுளத்தில் வீடு, கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர் உத்தியோகம். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் மேலூர்ப் பக்கம் ஒரு பாறைப் பிளவில், இறுகிய களிமண் கல்லில் தேவதை இறாலின் அச்சைக் கண்டெடுத்தேன். விரல் நக அளவு, ஓடு கிடையாது, மல்லாந்து நீந்தும் உயிர். கோடி வருடங்களுக்கு முன்பே அழிந்த இனம் என்று எழுதி, என் அம்மா சீதாலட்சுமியின் பெயரை வைத்தேன். ஹரிநாராயணன் என்றால் நாலு பேருக்குத் தெரிவது அந்த ஒரு கல்லால்தான்.

என்னிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தவள் கோரிப்பாளையத்து ஜஸீலா. மழை விட்ட ஒரு காலையில் ஒரு வீடியோவை அனுப்பிவிட்டுப் போன் செய்தாள்.

"சார், நம்ம இறாலு உசுரோட இருக்கு சார்! நீங்க கல்லெடுத்த மலைச் சுனையில அம்புட்டும் மல்லாக்க நீந்துது. அப்ப நம்ம கல்லு பழசே இல்லியோ சார்?"

கேள்வியில் குதர்க்கம் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. யாரிடமும் சொல்லாதே என்றேன். வழிகாட்டி கையெழுத்துப் போடும்வரை ஆய்வு மாணவர் வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம், அவளும் திறக்கவில்லை.

மறுநாள் பிளீச்சிங் பவுடரோடு போனேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அன்னக்கொடி என்னவென்று கேட்டாள். டெங்குக் கொசுவுக்கு மருந்து என்றேன்.

"அங்கிட்டு இன்னும் ரெண்டு சுனை கெடக்குண்ணே. அதுலயும் போட்டுட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்."

அவை எனக்குத் தெரியாது. கூடவே வந்து காட்டினாள், மூன்றிலும் கொட்டினேன். ஒரு வாரம் ஆடுகளைத் தண்ணீரில் விடாதே என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன். வாயில்லா ஜீவன்கள் அல்லவா.

அடுத்த வாரம் ஜஸீலா போனபோது சுனையில் எதுவும் நீந்தவில்லை. மிச்சம், அவள் முன்பே எடுத்துவைத்த ஒரு டப்பா சுனை மண். இந்த இறாலின் முட்டை காய்ந்த மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். தண்ணீர் பட்டால் மூன்று நாளில் பொரிக்கும். பத்திரமாக வைக்கிறேன் என்று வாங்கி, தண்ணீர் விட்டு, குக்கரில் எட்டு விசில் வைத்தேன். வெயிலில் காயவைத்து, அவள் எழுதிய லேபிளோடு அதே டப்பாவில் திருப்பிக் கொடுத்தேன். அவள் வீடியோவைக் கல்லூரி ஆய்வுக் குழுவுக்கு அனுப்பி, அவர்கள் முன் பொரித்துக் காட்டட்டும் என்று நானே கேட்டுக்கொண்டேன்.

மூன்று நாள் தட்டின் முன் உட்கார்ந்திருந்தாள். வீட்டுச் சாப்பாட்டைத் தொடவில்லை. நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன். ஒன்றும் அசையவில்லை. நான்காம் நாள், அவள் எடுத்த வீடியோ போலி என்று புகார் எழுதினேன். அவளுடைய ஐந்து வருடப் படிப்பு ரத்தானது.

அன்னக்கொடி என் போட்டோவை அடையாளம் காட்டிவிட்டதாக, விசாரிக்க வந்த நீங்கள் சொல்கிறீர்கள். சரிதான். எல்லாம் நான் செய்ததே. உலகத்தில் வேறெங்கும் அந்த இறால் இல்லை என்பதும் தெரிந்தே செய்தேன்.

ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். ரத்தான அன்று அவள் என் அறைக்கு வந்து அழுதாள்.

"உங்க பேரக் கெடுத்துட்டேன் சார். மன்னிச்சிருங்க."

இன்னொருவராக இருந்தால் விரட்டியிருப்பார். நான் உட்காரச் சொல்லி, மனதார மன்னித்தேன்.