மஞ்சள் வைத்த யூரோ

புதுச்சேரியிலிருந்து மதகடிப்பட்டு போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் வந்து உட்கார்ந்த பெண், "பணத்துக்கு மஞ்ச குங்குமம் வெச்சது ஒரு குத்தமாய்யா?" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு காதை மட்டும் அங்கே வைத்தேன்.

பக்கத்திலிருந்த அவள் புருஷன் சொன்னார்: "நல்ல காரியந்தான் பண்ண. போன வாரம் மாத்தினு வந்த யூரோவ அம்மன் படத்தாண்ட வெச்சி, நோட்டுக்கு நோட்டு பொட்டு வெச்சி, கற்பூரமும் காட்டிட்ட. இப்ப பணம் மாத்துற கடைக்காரன் இன்னா சொன்னான்? கறை புடிச்ச நோட்டு, பாரீசுல யாரும் வாங்க மாட்டாங்க, நானும் திருப்பி வாங்க மாட்டேன்னுட்டான்."

"நம்ம பொண்ணுக்குப் பிரசவம் நல்லபடியா ஆவணும்னு வெச்சேன்."

"நாளைக்கு ஃபிளைட்டு. மாப்ளைக்கு டூட்டி, ஏர்போர்ட்டுக்கு வர மாட்டாரு. பாரீசு டாக்சிக்காரன் இத வாங்கலன்னா, பெட்டியத் தலையில வெச்சினு பொண்ணு வூடு வரைக்கும் நடக்கலாம். யாராவது கேட்டா, பொட்டு உபயம் எம் பொண்டாட்டின்னு சொல்லிடறேன்."

"சொல்லேன். பூசையில மணி அடிச்சது யாருன்னும் சேத்து சொல்லு."

அவர் கழுத்தை நீட்டிக் கண்டக்டரைத் தேடினார்.

கண்டக்டர் வந்தார். "வில்லியனூரு ரெண்டு," என்று அவள் ஒரு ஐம்பது ரூபாயை நீட்டினாள். அதிலும் ஒரு குங்குமப் பொட்டு. கண்டக்டர் அதைக் கண்ணில் ஒற்றிப் பையில் போட்டுக்கொண்டு, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

"பாத்தியா? மனுசன்னா இவரு. பாரீசுக்கு இவர இட்னு போவலாம்," என்றாள் அவள்.

"இட்னு போ," என்றார் புருஷன். "டாக்சியையும் அவரையே ஓட்டச் சொல்லு."