படக்கடைக் கோட்டு

ஜப்பான்காரன் காலம். செமிலிங் கடைத்தெருவில் உப்பு வாங்க வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ரப்பர் தோட்டத்து ஆட்கள் இருவர். இளையவர் வேட்டிக்குப் பதிலாகக் கோணிச்சாக்கைச் சுற்றியிருந்தார்.

“ஜப்பான்காரன் ஆள் பிடிக்கிற சயாம் ரயில் வேலையில என் தம்பி மாட்டுனதுக்கு ஒரு கோட்டுதாண்ணே காரணம்” என்றார் அவர்.

“கோட்டா? என்னப்பா சொல்ற?” என்றார் மூத்தவர்.

“நான் இங்க வந்த புதுசுல பீடோங் படக்கடையில போட்டோ பிடிச்சு ஊருக்கு அனுப்புனேன். வர்றவனுக்கெல்லாம் கடைக்காரன் ஒரு கோட்டை மாட்டிவிடுவான்ல, அதைப் போட்டுக்கிட்டு நின்னேன். ஊர்ல அந்தப் படத்தைப் பாத்துட்டுத்தான் தம்பி கப்பலேறி வந்தான்.”

“நாம எல்லாருமே அப்படித்தானப்பா அனுப்புனோம்.”

“வந்து நாம குடியிருக்கிற லயத்தைப் பாத்தான். இருட்டோட எந்திரிச்சு பாலுக்கு மரம் வெட்டுறதையும், கணக்கெழுதுற கிராணிகிட்ட ஏச்சு வாங்குறதையும் பாத்தான். என்னை ஒரு வார்த்தை கேக்கலண்ணே. அடுத்த சம்பளத்துக்கு அவனும் பீடோங் போய் அதே கோட்டுல படம் பிடிச்சான்.”

“எல்லாம் தெரிஞ்சுமா?”

“அதைத்தான் நானும் கேட்டேன். ‘நான் வெறும் சட்டையோட நின்னா, நீ பொய் சொன்னது ஆத்தாவுக்குத் தெரிஞ்சிருமே’ன்னான்.”

வரிசை நகர்ந்தது. அவர் சாக்கை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

“அவன்கூடப் போனவங்க ஒருத்தரும் திரும்பலண்ணே. ஊர்ல ஆத்தா வீட்டுச் சுவத்துல நாங்க ரெண்டு பேரும் கோட்டோட நிக்கிறோம்.”