கொக்குவிலை வதிவிடமாகக் கொண்ட இராசநாயகம்

நான் முட்டைகூடச் சாப்பிடுவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் நல்லூர்க் கோயிலுக்குப் போகாமல் விட்டதுமில்லை. நான் ஒரு ஆளைக் கொன்றுவிட்டதாகக் கொக்குவிலில் கதைக்கிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று இருந்துவிட்டேன். நீங்கள் வீடு தேடி வந்து கேட்பதால் சொல்கிறேன்.

மரண அறிவித்தல் போடும் இணையத்தளம் ஒன்றை நடத்துகிறேன். எங்கள் அறிவித்தல்கள் எப்படித் தொடங்கும் என்று உங்களுக்குத் தெரியும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார். ஒரு மனிதரை அடையாளம் காட்ட இதைவிட அழகான முறை கிடையாது. தளத்தை இயக்க நான் பாவிக்கும் பிரேம்வேர்க் என்ற மென்பொருள் ஒவ்வொரு பதிவுக்கும் தானாகவே ஒரு தொடர் எண்ணைக் கொடுக்கும். அதை நிறுத்திவிட்டு, பிறப்பிடம், வதிவிடம், பெயர் மூன்றையும் சேர்த்துக் கூட்டு முதன்மைச் சாவியாக, அதாவது ஆளைப் பிரித்தறியும் அடையாளமாக, வைத்தேன். மூன்றும் பொருந்தினால் அது ஒரே ஆள். அந்த அமைப்பைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

உயிரோடு இருப்பவர்களும் எங்களிடம் முன்கூட்டியே பதிந்துவைப்பார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் விட்டால் அடையாள அட்டைப் படத்தைப் போட்டு மானத்தை வாங்கிவிடுவார்கள் என்ற பயம். ஓய்வுபெற்ற தபாலதிபர் இராசநாயகம் கோட்டுப் போட்டுக் கழுத்தில் ரை கட்டிய படம் ஒன்று தந்திருந்தார். பருத்தித்துறையில் பிறந்து கொக்குவிலில் தனியாக இருப்பவர்.

தை மாதம் இன்னொரு இராசநாயகம் காலமானார். லொறி வைத்திருந்தவர். அவரும் பருத்தித்துறையில் பிறந்து கொக்குவிலில் இருந்தவர்தான். அவருடைய அறிவித்தலைச் சேமித்தபோது பிரேம்வேர்க் புதிய பதிவை உண்டாக்கவில்லை. சாவி ஒன்றுதானே என்று பழைய பதிவிலேயே இறந்த திகதியை எழுதிவிட்டது. லொறிக்காரர் வீட்டில் படத்தை இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள். அதனால் தபாலதிபரின் படம் அப்படியே நின்றது. மாலைக்குள் கோட்டுக்கும் ரைக்கும் அஞ்சலிகள் குவிந்துவிட்டன.

அடுத்த நாள் தபாலதிபர் சைக்கிளில் வந்தார்.

"தம்பி, நான் செத்துப்போனனாம். மகன் ரொறன்ரோவிலையிருந்து அழுகிறான். நான்தான் கதைக்கிறன் எண்டாலும் நம்புறானில்லை. உதைத் திருத்திவிடும்."

என்னோடு வேலை செய்யும் தயாளினி அவருக்குப் பிளேன்ரீ கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அண்ணை, ஆளுக்கொரு நம்பரைப் போட்டால் பிரச்சினை முடிஞ்சுது."

"மனிசருக்கு நம்பர் போடுறதே? அவையென்ன மறியலிலை கிடக்கிற கைதிகளே?" என்றேன்.

ஆற அமர யோசித்தேன். சாவியை மாற்றினால் அதோடு பிணைத்த அஞ்சலி, படம், மலர்வளையம் என்று எல்லா அட்டவணைகளையும் பிரித்துக் கட்டவேண்டும். மனிதரை மாற்றுவது சுலபம். பெயரை மாற்ற அவர் சம்மதிக்கமாட்டார். பிறப்பிடம் நடந்து முடிந்த விடயம். மிச்சம் வதிவிடம். வேறு ஊரில் போய் இருக்க முடியுமா என்று மரியாதையாகத்தான் கேட்டேன்.

"நான் கட்டின வீடு, தம்பி. அதை விட்டிட்டு எங்கை போறது?" என்றார்.

ஆகவே மகனுக்குப் போன் எடுத்தேன். அப்பா உயிரோடுதான் இருக்கிறார் என்றதும் மகன் விம்மி அழுதார். எனக்கும் கண் கலங்கியது. பிறகு, அப்பா தான் செத்துப்போனதாகச் சொல்லிக்கொண்டு சைக்கிளில் திரிகிறார், தனியே விடுவது பாவம் என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சாவகச்சேரிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தை நானே பார்த்துக் கொடுத்தேன். வீட்டை வாங்க ஆள் பிடித்துக் கொடுத்ததும் நான்தான். தரகு வாங்கவில்லை.

புறப்பட்ட அன்று அவர் வீட்டு வாசல் கேற்றைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார். நான்தான் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல், எடுத்துவிட்டேன். அன்று பின்னேரமே தளத்தில் வதிவிடத்தை மாற்றி அவரை உயிர்ப்பித்தேன். இப்போது இரண்டு இராசநாயகங்களும் தனித்தனிப் பதிவுகள். சாவியில் ஒரு கீறல்கூட இல்லை.

போன கிழமை தயாளினி அவரைப் பார்க்கப் போனாள். அங்கே அவரைப் பதினாலாம் கட்டில் என்றுதான் கூப்பிடுகிறார்களாம். அதை மட்டும் என்னிடம் சொல்லிவிட்டு வேலையை விட்டுப் போய்விட்டாள். எனக்கு மனம் நொந்துபோயிற்று. மனிதரை மனிதராக மதிக்கத் தெரியாதவர்கள் இந்தக் காலத்திலும் இருக்கிறார்கள்.