குட்டைக் குழல்

நாகர்கோவிலில் பஸ் ஏறிய கணவனும் மனைவியும் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். துப்பாக்கிக் கடைக்குப் போய்விட்டு வருகிறார்கள் என்பது அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வியிலேயே தெரிந்துவிட்டது.

“தட்டு சுடுகதுக்கு நீளக் குழல் துப்பாக்கிதான் நல்லதுன்னு கடைக்காரரு படிச்சுப் படிச்சுச் சொன்னாருல்லா. பின்ன நீங்க எதுக்குக் குட்டையாக் கேட்டிய?”

“கைக்கு லேசா இருக்கும், ஏட்டி.”

“வானத்துல எறியுத மண்தட்டச் சுடுகது வெளையாட்டுதான். நான் ஒண்ணும் சொல்லல. குட்டக் குழலு மறச்சு வைக்கதுக்குல்லா தோது. ஆனா ஒங்க அண்ணன் நம்ம தோப்புக்குள்ள வேலியத் தள்ளிப் போட்ட பொறவுதான ஒங்களுக்கு இந்த ஆச வந்து?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோவாளை தாண்டிக் காற்றாலைகள் தெரியத் தொடங்கின.

“துப்பாக்கிய அந்தத் தட்டு சுடுக கிளப்புலயே வச்சுப் பூட்டிட்டு வருவியளா?”

“வீட்டுல இருந்தா என்ன?”

“அதத்தான் நானும் கேக்கேன். வீட்டுல எதுக்கு?”

அவர் குரலைத் தாழ்த்தினார்.

“சுடவா போறேன்? எங்கிட்ட துப்பாக்கி இருக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சாப் போதும். பயந்து வேலிய எடுத்துருவான்.”

“பயப்படலன்னா?”

 

அந்த அம்மாள் அவருடைய சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக் கடைக்காரரை அழைத்தார். “அண்ணாச்சி, நாங்க சொல்லி வச்ச அந்தத் துப்பாக்கி எங்களுக்கு வேண்டாம்.”

கணவர் தடுக்கவில்லை. ஆரல்வாய்மொழியில் இறங்க எழுந்தபோது அந்த அம்மாள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“இனி வேற கடையில போய்க் கேக்கப்பிடாது, கேட்டியளா?”