உப்புப் போடாத குழம்பு

"நான் வேணுமெண்டுதான் உப்புப் போடேல்லை, அக்கா."

பிராங்பேர்ட்டுக்குப் போகும் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள். மூத்தவரின் மடியில் துவாயால் கட்டிய சட்டி ஒன்று இருந்தது. ரயில் வளையும்போதெல்லாம் அதை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டார்.

"செத்த வீட்டுக்கு உப்பில்லாத குழம்போ? உனக்கென்ன விசரே?"

"சாந்தியக்காவின்ரை மனுசன் செத்து ஒரு மாசமாகுது. நாங்கள் எல்லாரும் முறை வைச்சுச் சமைச்சுக் குடுக்கிறம். அவ சுவரைப் பாத்தபடி இரண்டு வாய் சாப்பிடுறா, ஒரு கதையில்லை. எங்கட கலியாணம், பிறந்தநாள் எல்லாத்துக்கும் சமைச்ச மனுசி. எவ்வளவு நாளைக்கு இப்பிடியே இருக்கிறது?"

"அதுக்கு?"

"போன முறை நான் கொண்டுபோனதிலை ஒரு வாய் வைச்சா. என்னை நிமிர்ந்து பாத்தா. 'ஆரடி உனக்குச் சமைக்கப் பழக்கினது?' எண்டு கேட்டா."

"கதைச்சாவோ!"

"ஓம் அக்கா. எழும்பிக் குசினிக்குப் போனா. உப்பைப் போட்டு, திரும்பக் கொதிக்க வைச்சு, இறக்கித் தேசிக்காயும் பிழிஞ்சா. பிள்ளையள் கதவடியிலை வந்து நிண்டு பாத்துக்கொண்டே இருந்தவை."

மூத்தவர் மடியிலிருந்த சட்டியைக் கவலையோடு பார்த்தார்.

"எனக்கு முதலே சொல்லியிருக்கலாமே. நான் இதுக்கு எல்லாத்தையும் அளவாப் போட்டிட்டனே."

இளையவர் சற்றுத் தயங்கினார்.

"நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, அக்கா. உங்கட சமையலுக்கு அவ கட்டாயம் எழும்புவா."